ஈயம் உருக்கும் சட்டியில் கலவை மாற்றும்போது

நண்பர்களே, பழைய ஈயக் கலவை உருகிய நிலையில் இருக்கும்போதே சட்டியைக் காலி செய்துவிடுங்கள். உறைந்தபின் சுரண்டினால் முழுதும் வராது.

350 டிகிரி செல்சியஸில் பட்டாணி அளவு மெழுகு போட்டு, சுவரையும் அடியையும் கரண்டியால் உரசிக் கிளறுங்கள். மெழுகு குப்பென்று தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கலவையிலிருந்து பிரிந்து கசடாகப் போகவிருந்த வெள்ளீயம் இதில் ஈயத்துக்கே திரும்பும். மிச்சக் கசடை வழித்துவிட்டு அச்சுகளில் ஊற்றுங்கள். அச்சு, கரண்டி இரண்டையும் முன்பே சூடாக்குவது கட்டாயம். ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

அடியில் திறந்து ஈயத்தை வெளியே விடும் அடித்திறப்புச் சட்டியில், மூக்கிலும் அடைப்புக் கம்பியைச் சுற்றியும் கொஞ்சம் தங்கும். 10 கிலோ சட்டியில் 200 கிராம் லினோடைப் (அச்செழுத்து வார்க்கும் கெட்டியான ஈயக் கலவை) தங்கினால், அதில் ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி 12% என்பதால், 24 கிராம் ஆன்டிமனி, அதாவது 0.24%. மென் ஈயம் (கலப்பில்லாத ஈயம்) சற்றே கெட்டிப்பட அதுவே போதும். அதனால் அரைக் கிலோ புதுக் கலவையை உருக்கி, கிளறி, வெளியே விட்டு, ‘கலப்பு’ என்று தனியே வையுங்கள். மென் ஈயத்திலிருந்து லினோடைப்புக்குப் போகும்போது இவ்வளவு கறார் வேண்டாம்.

கட்டிகளில் பெயரை அன்றே குத்திவிடுங்கள். ஆறியபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கசடுத் தூள் நஞ்சு: முகக்கவசம், மூடியுள்ள தகர டப்பா, கடைசியில் சோப்புப் போட்டுக் கைகழுவல்.