11-ஆ, 12-ஆ? ‘வரலாற்றில் இன்று’ தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழின் மூலையிலும், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்திலும், போட்டித் தேர்வுக்கான பொது அறிவு நூல்களிலும் ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் நீங்கள் அச்சிடும் ஐந்தாறு வரிகளைப் பெரியவர்கள் பலர் பார்த்துவிட்டுக் கடந்துவிடக்கூடும். பள்ளியில் அப்படியில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் திருக்குறளும் அன்றைய செய்தியும் முடிந்தபின் ஒரு பிள்ளை முன்னால் வந்து நின்று, இந்நாளில் பிறந்தவர் யார், மறைந்தவர் யார், நடந்தது என்ன என்று உங்கள் வரிகளைத்தான் உரக்க வாசிக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வரிசையின் ஓரத்தில் நின்று கேட்டுவரும் சமூக அறிவியல் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

பாரதியார் மறைந்த நாள் செப்டம்பர் 11 என்று சிலரும் 12 என்று சிலரும் அச்சிடுவதால் உங்கள் தொகுப்புகளுக்குள் நிலவும் முரண்பாட்டை நீங்கள் அறிவீர்கள். கடந்த ஆகஸ்டு இறுதியில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு வினாடி வினாப் போட்டியின் எழுத்துச் சுற்றில், எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த முரண்பாட்டுக்குப் பலியானாள். ‘பாரதியார் எப்போது மறைந்தார்?’ என்ற வினாவுக்கு அவள் ‘1921 செப்டம்பர் 12, அதிகாலை’ என்று எழுதியிருந்தாள். ‘12’ மீது சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டு, மேலே ‘11’ என்று எழுதி, ‘அதிகாலை’ என்ற சொல்லையும் அடித்திருந்தார்கள். ஒரு மதிப்பெண்ணில் இறுதிச் சுற்று தவறிப்போயிற்று. நான் சென்று கேட்டபோது, விடைக்குறிப்புக்கு ஆதாரமாக ஒரு தொகுப்பு நூலின் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். அதில் ‘செப்டம்பர் 11 – பாரதியார் இறப்பு’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பேருந்தில் திரும்பும்போது அந்தப் பிள்ளை அழவில்லை. விடைத்தாளை நான்காக மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நீங்க சொல்லிக்கொடுத்ததத்தானே எழுதினேன் டீச்சர்” என்று மட்டும் கேட்டாள்.

அவள் எழுதியது சரியான விடை. திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியாரின் உயிர் பிரிந்தபோது செப்டம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அறிந்த செய்தி. கடிகாரக் கணக்கில் அது 12-ஆம் தேதி; மாநகராட்சிப் பதிவும் 12 என்றே சொல்கிறது. ஆயினும் 11 என்பவர்களையும் நான் பிழை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கக் கணக்கிலும் சூரிய உதயத்தில்தான் நாள் தொடங்குகிறது. அந்த வழக்கில் ஒன்றரை மணி என்பது முந்தைய நாளின் இரவே. தமிழ்நாடு அரசும் 2021-இல் நூற்றாண்டு நினைவையொட்டி செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என அறிவித்தது. ஆக, நினைவு போற்றும் நாள் 11 என்பதும், உயிர் பிரிந்த நேரம் 12 அதிகாலை என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ‘11 நள்ளிரவு தாண்டி, 12 அதிகாலை’ என்று ஒரே ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஒரு நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் வழங்குமானால் இரண்டையும், அவை இரண்டான காரணத்தோடு அச்சிடுங்கள்.

இந்தச் சிக்கல் பாரதியாரோடு நிற்பதில்லை. ஒவ்வோர் ஏப்ரல் 23-ஆம் தேதியும், ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று எங்கள் பிள்ளைகள் வியந்து படிக்கிறார்கள். ஸ்பெயின் அப்போது கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் பத்து நாள் வேறுபாடு. போதாததற்கு, செர்வாண்டிஸ் மறைந்தது 22-ஆம் தேதி. 23 அவரை அடக்கம் செய்த நாள். கலிலியோ மறைந்த 1642-இலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் இப்படிப்பட்டதே. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 என்பது இங்கிலாந்தின் பழைய கணக்கு. கலிலியோவின் இத்தாலி அப்போது பின்பற்றிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ஆம் தேதியில் அச்சிடும்போது காரணம் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள். “அக்டோபர் புரட்சி ஏன் டீச்சர் நவம்பர்ல?” என்று கேட்காத வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவற்றில் என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது அவிலா நகரத்துப் புனித தெரேசாவின் கதை. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, ஸ்பெயினில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. நடுவிலிருந்த பத்து நாட்கள் இல்லாமலே போயின. தெரேசா மறைந்தது சரியாக அந்த இரவில்தான். இதைச் சொல்லி, பாரதியாரின் இரவையும் அடுத்துச் சொன்னபோது, நாள் என்பது மனிதர்கள் வகுத்துக்கொண்ட கணக்கு என்பது பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு எளிதாக விளங்கியது. இவ்வளவு வளமான பாடம் மறைந்திருக்கும் இடத்தில் நீங்கள் வெறும் எண்ணை வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். வருத்தம் என்று எழுதுகிறேன். அந்தப் பேருந்துப் பயணத்தில் அது கோபமாகவே இருந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘பாரதியார் யானை மிதித்து இறந்தார்’ என்ற வரியும் உங்களில் சிலருடைய தொகுப்புகளில் இன்றுவரை தொடர்கிறது. பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தாக்கியது உண்மை. ஆனால் அதிலிருந்து தேறி அவர் மீண்டும் சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குச் சென்றார். இறுதியில் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. மறைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன், 1921 ஜூலை 31 அன்று, ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் அவர் பேசினார். அந்த ஜூலை 31-ஐ உங்கள் பட்டியலில் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒருவரின் பிறப்பையும் இறப்பையும் மட்டும் குறித்துவிட்டு, அவர் வாழ்ந்த நாட்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அதே செப்டம்பர் 11-இல், 1906-இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர்கள் அநீதியான சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று காந்தியின் முன்னிலையில் உறுதி பூண்டார்கள். சத்தியாகிரகம் பிறந்தது அங்கேதான். 1957-இல் அதே தேதியில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். எங்கள் பள்ளிக்கு வரும் தாள்களில் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலும், விவேகானந்தரின் சிகாகோ உரையும் தவறாமல் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதாம். மற்ற இரண்டும் ஓர் ஆண்டு இருக்கும், மறு ஆண்டு இருக்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் உரிமை. அதில் தலையிட இம்மடல் எழுதவில்லை.

இடம் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த நெருக்கடியை நான் அறிவேன். உள்ளங்கை அளவுள்ள தாளில் ராகு காலமும் நல்ல நேரமும் பலனும் போக எஞ்சுவது கொஞ்சமே. அப்படியானால் எட்டு நிகழ்வுகளுக்குப் பதில் ஐந்து போடுங்கள். அந்த ஐந்தையும் சரிபார்த்துப் போடுங்கள். இரண்டு தேதிகள் உள்ள இடத்தில் இரண்டையும் காரணத்தோடு தாருங்கள். பிழை என்று தெரிந்தபின், மறுநாள் அதே கட்டத்தில் அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். வேறு பக்கத்தின் அடியில் வரும் திருத்தம், காலைக் கூட்டத்தில் வாசிக்கும் பிள்ளையின் கண்ணில் படுவதேயில்லை.

போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று காலைக் கூட்டத்தில் வாசிக்கும் முறை அந்த மாணவிக்கே வந்தது. கையிலிருந்த தாளில் ‘பாரதியார் இறப்பு’ என்ற வரிக்கு வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, வரிசையின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு அச்சில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு வரியைத் தன் குரலில் சேர்த்தாள்: “நள்ளிரவு தாண்டியதால் 12 என்றும் சொல்வர்.”

அவள் சேர்த்த அந்த வரியை அடுத்த ஆண்டுத் தாளில் நீங்களே அச்சிட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியை