சாக்ரடீசை மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

பட்டிமன்றப் பேச்சாளர்களே, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓரங்க நாடகம் எழுதித் தரும் ஆசிரியர்களே, வணக்கம்.

கிரேக்க ஞானி சாக்ரடீசைப் பற்றி நீங்கள் சொல்லும் கதையில் ஒரு கொடுங்கோல் மன்னன் வருகிறான். சிம்மாசனத்தில் அமர்ந்தபடியே தீர்ப்புச் சொல்கிறான்; அடுத்த நொடி நஞ்சுக் கோப்பை வருகிறது, கைதட்டலும் விழுகிறது. கி.மு. 399இல், அவர் இறந்த ஆண்டில், அவருடைய நகரமான ஏதென்சை ஆள மன்னன் யாரும் இல்லை. சாக்ரடீசைக் கொன்றது மக்களாட்சி. அதை மறைத்தால் இந்தக் கதையில் மிஞ்சுவது வழக்கமான வில்லன்தான்.

நீதிமன்றத்தைச் சரியாக அமையுங்கள். நீதிபதியும் இல்லை, அரசு வழக்கறிஞரும் இல்லை. 30 வயது நிறைந்த குடிமக்களில் ஆண்டுதோறும் 6000 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வழக்கின் கனத்தைப் பொறுத்து அவர்களில் சில நூறு பேர் அமர்வார்கள். இந்த வழக்குக்குச் சுமார் 500 பேர், தலைக்கு 3 ஓபல் (அந்நாளைய சிறு நாணயம்) படி. எல்லாரும் ஆண்கள், பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே குடியேறிய வெளியூராருக்கும் இடமில்லை. உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும் உங்களுக்குக் குலுக்கல் புதிதல்லவே! வழக்குத் தொடுத்த மெலிட்டஸ், அனிட்டஸ், லைகன் மூவருமே குடிமக்கள் என்ற முறையில்தான் வந்தார்கள்.

பேச்சு நேரத்தை நீர்க்கடிகாரம் அளந்தது. மேல் பானையின் அடியில் சிறு வெண்கலக் குழாய். அதன் வழியே நீர் கீழ்ப் பானையில் இறங்கும். அகோரா எனும் சந்தைத் திடலில் கிடைத்த ஒன்று 6.4 லிட்டர் கொள்ளும், ஆறு நிமிடத்தில் காலியாகும். நீண்ட பேச்சுக்குத் திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். சிம்மாசனத்துக்குப் பதில் இதை மேடையில் வையுங்கள்.

அடுத்து, வாக்கெடுப்பு இரண்டு முறை நடந்தது. முதலில், குற்றவாளியா இல்லையா என்று. 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை என்று சாக்ரடீஸே சொன்னதாக அவர் மாணவர் பிளேட்டோ எழுதுகிறார். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் வரையறுத்த தண்டனை கிடையாது. வாதி ஒன்றைக் கேட்பார், பிரதிவாதி ஒன்றைச் சொல்வார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும், நடுவழி இல்லை. மெலிட்டஸ் கேட்டது மரணம். நாடுகடத்துங்கள் என்று சாக்ரடீஸ் சொல்லியிருந்தால் அநேகமாக ஒப்பியிருப்பார்கள். அவரோ, ஒலிம்பிக்கில் வென்றவனுக்குப் போடுவதுபோல் எனக்கும் அரசுச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார். பிறகு 1 மினா (அந்நாளைய வெள்ளிப் பண அளவு) அபராதம் என்றார். நண்பர்கள் ஜாமீன் நிற்க முன்வந்ததும் 30 மினா என்றார். நாடகத்தின் உச்சக்காட்சி இதுதான். நீங்களோ இதை விட்டுவிட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வசனம் பேசவிடுகிறீர்கள்.

அவரை நாத்திகராக்குவதும் பொருந்தாது. நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வீகங்களைப் புகுத்துகிறார், இளைஞரைக் கெடுக்கிறார் என்பவையே குற்றச்சாட்டு. டெல்பிக் கோயிலில் அப்போலோ தெய்வத்தின் வாக்கை அவர் பெரிதாக மதித்தவர். மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியசுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பர் கிரிட்டோவிடம் சொன்னதே அவர் கடைசிப் பேச்சு.

பகைக்கு அரசியல் வேரும் உண்டு. கி.மு. 404இல் பகை நகரமான ஸ்பார்ட்டாவிடம் தோற்றபின் ஏதென்சை ஆண்ட முப்பதின்மர் என்ற முப்பது பேர் குழு சுமார் 1500 பேரைக் கொன்றதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அவர்களில் முதன்மையான கிரிட்டியாஸ், முன்பு சாக்ரடீசோடு பழகியவர். மறு ஆண்டே மக்களாட்சி மீண்டது; ஆனால் பொதுமன்னிப்பு இருந்ததால் பழைய கணக்கை நேரடியாகக் கேட்க வழியில்லை.

தீர்ப்பன்றே அவர் நஞ்சு குடிக்கவும் இல்லை. அப்போலோவுக்காக டெலோஸ் தீவுக்குப் போன கப்பல் திரும்பும்வரை கொலைத்தண்டனை கூடாது. அதனால் ஒரு மாதம்போல் சிறையில் இருந்தார். தப்பிக்க வழி செய்கிறேன் என்ற கிரிட்டோவை மறுத்தார். ஹெம்லாக் என்ற நச்சுச் செடியை அரைத்துக் கொண்டுவந்தவர், குடித்துவிட்டு நடங்கள், கால் கனத்ததும் படுத்துக்கொள்ளுங்கள் என்றார். தெய்வத்துக்கு இதில் கொஞ்சம் வார்க்கலாமா என்று சாக்ரடீஸ் கேட்டார். தேவையான அளவுக்குத்தான் அரைக்கிறோம் என்று பதில் வந்தது.

கடைசியாக ஒன்று: பக்கத்தில் பிளேட்டோவை நிறுத்தி அழவைக்காதீர்கள். அன்று அவர் உடம்பு சரியில்லாமல் வரவில்லை போலும் என்று அவர் நூலிலேயே வருகிறது.

இப்படிக்கு,
கிரேக்க வரலாறு கற்பிப்போர் சிலர்