ஆளுக்கு ஒரு ரேஸ்தான் கேட்கிறார்கள்

பாளையங்கோட்டை
நவம்பர் 26

அன்புள்ள இசக்கிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பிசான நடவு முடிந்துவிட்டது. ஆச்சிக்கு மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இடது கால் முன்னெலும்பில் வலி என்றாய். எலும்பு நெடுக வலிக்கிறதா, ஒரே இடத்திலா என்று கேட்டேன். ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு இடம், கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உயிர் போகிறது என்றாய். ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெரிகிறது என்றாய். அப்புறம் அதே மூச்சில், கொல்கத்தா ரேஸ் முடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாய்.

பார்த்துக்கொள்ளக் கூடாது இசக்கி. கொல்கத்தாவுக்கு முன்னாலேயே பார்க்க வேண்டும்.

நெடுக வலித்தால் அது தசையும் எலும்பின் மேலுறையும் சேர்ந்து இழுக்கிற வலி. ஐஸ் வைத்து, கிலோமீட்டரைக் குறைத்து, ஷூ மாற்றினால் போகும். ஒரே புள்ளியில் வலித்து, ஓடாமல் இருக்கும்போதும் வலித்தால் அது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக, அதாவது பாரம் தாங்காமல் எலும்பில் விழுகிற மெல்லிய விரிசலாக இருக்கலாம். எலும்பின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும்போது, நைந்த பகுதியை உடம்பு முதலில் அரித்து எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் புது எலும்பைக் கட்டும். எடுப்பது சில வாரத்தில் முடிகிறது. கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. இந்த இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட பலம் குறைந்துதான் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பயிற்சியும் கூடி, ரேஸும் வந்தால் விரிசல் விடும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஊட்டி கேம்ப் பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று நீ சொன்னதால் எனக்கு நிம்மதி வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தினால் பெரும்பாலும் கூடிவிடும். விரிசல் முறிவாகிவிட்டால் ஒரு சீசனே போய்விடும்.

கால் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஓடியதையும் ஓடப்போவதையும் ஒரு தாளில் எழுதினேன். இன்டர் ரயில்வே ஓடினாய். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், அது நியாயம். ஓப்பன் நேஷனல் ஓடினாய், ரேங்கிங்குக்கு வேண்டும். டெல்லி ஹாஃப் மாரத்தான் ஓடினாய், பரிசுப் பணம் வருகிறது என்று. இனி டிசம்பரில் கொல்கத்தா 25 கிலோமீட்டர், ஜனவரியில் மும்பை. அதை விட்டால் கிராஸ் கன்ட்ரி. அப்புறம் ஃபெடரேஷன் கப், பெங்களூரு 10 கிலோமீட்டர், இன்டர் ஸ்டேட். நடுவில் கேம்ப்பில் வாரத்துக்கு 150 கிலோமீட்டர்.

கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு ரேஸ்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு குடம் என்று இறைத்துக்கொண்டு போகிறார்கள். கிணற்றில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் வேலை இல்லை. கோச் சார் பயிற்சியைத்தான் பார்க்கிறார். ஆபீஸில் மெடலைப் பார்க்கிறார்கள், ரேஸ் நடத்துகிறவர்கள் ஸ்டார்ட் லைனில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். மொத்தக் கணக்கை யாரும் கூட்டவில்லை. அதைக் கூட்ட வேண்டியது நீதான். ஒழுங்காகக் கூட்டினால், இந்த வருஷம் உன் கால் தாங்குவதைவிட அதிகமாக ஓடியிருக்கிறாய் என்று உனக்கே தெரியும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் யூகி கவாவுச்சி வருஷம் முழுக்க மாரத்தான் ஓடவில்லையா என்பாய். ஓடினார். 2018-இல் பாஸ்டனில் கொட்டுகிற மழையிலும் எதிர்காற்றிலும் 2:15:58-இல் ஜெயித்தார். ஆனால் அவர் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்று பார். அரசாங்க வேலை பார்த்துக்கொண்டு ஓடியவர். நாளுக்கு ஒரு ஓட்டம்தான். அதிலும் பெரும்பாலான நாள் மெதுவோட்டம். ரேஸ்தான் அவருக்குக் கடும் பயிற்சி. நீ கேம்ப்பில் காலையும் மாலையும் ஓடிவிட்டு, அதற்கு மேலே ரேஸையும் ஏற்றுகிறாய். இரண்டும் ஒன்றா?

நெதர்லாந்தின் சிஃபான் ஹசனையும் சொல்வாய். பாரிஸில் 2024-இல் 5000-இலும் 10000-இலும் வெண்கலம் வாங்கிவிட்டு, கடைசி நாளில் மாரத்தானையும் 2:22:55-இல் ஜெயித்தாரே என்று. நம் தமிழ்நாட்டுக்காரர், புதுக்கோட்டை லட்சுமணன், 2017-இல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டியின் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கியதை நீ ஸ்கூல் நோட்டில் ஒட்டி வைத்திருந்தாய். ஒரு பெரிய போட்டியில், அதற்கென்றே தயாராகிப் போய், இரண்டு மூன்று ரேஸ் ஓடுவதை நான் ஒருநாளும் தவறு என்று சொல்லவில்லை. மாசாமாசம் ஓடுவதைத்தான் சொல்கிறேன்.

கென்யாவின் எலியுட் கிப்சோகேயைப் பார். 2003-இல் பாரிஸில் 5000 மீட்டர் உலக சாம்பியன் ஆனபோது பதினெட்டு வயதுப் பையன். 2018-இல் பெர்லினில் 2:01:39, 2022-இல் அதே பெர்லினில் 2:01:09 என்று தன் உலக சாதனையைத் தானே உடைத்தார். மாரத்தானுக்கு வந்த பிறகு பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டுதான். கேட்காதவர்கள் உண்டா அவரை? எந்த ஊரில் போய் நின்றாலும் பணம் கொட்டியிருக்கும். மெதுவோட்ட நாளில் அவர் எவ்வளவு மெதுவாக ஆரம்பிப்பார் என்று நீதான் ஒருமுறை எனக்கு வீடியோ காட்டினாய். இப்போது நீ அனுப்பிய உங்கள் கேம்ப் வீடியோவையும் பார்த்தேன். "ஈசி ரன்" என்று எழுதியிருந்தாய். ஏழு பிள்ளைகள் ஓடுகிறீர்கள், ஒருத்தி வாயிலும் பேச்சு இல்லை. முன்னால் போகிறவள் தோளுக்குப் பின்னவள் தோள் ஏறுகிறது, அதைப் பார்த்து இன்னொருத்தி ஏறுகிறாள். குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் நீ ஸ்கூல் பிள்ளையாக ஓடும்போது வழியெல்லாம் கதை பேசிக்கொண்டே வருவாய். மெதுவோட்டம் என்றால் அதுதான். பேச முடியவில்லை என்றால் அன்றைக்கும் ரேஸ் ஓடியதாகத்தான் கணக்கு.

அதே கென்யாவின் கெல்வின் கிப்டம் இன்னொரு பக்கம். 2022 டிசம்பரில் வலென்சியா, 2023 ஏப்ரலில் லண்டன், அக்டோபரில் சிகாகோவில் 2:00:35 என்று உலக சாதனை. மூன்றே மாரத்தான், உலகமே வாயைப் பிளந்தது. வாரத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறான், இப்படியே போனால் உடம்பு உடைந்துவிடும், குறைக்கச் சொன்னாலும் கேட்கவில்லை என்று அவருடைய கோச்சே சொன்னார். 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் போய்விட்டார், இருபத்து நாலு வயதில். அந்தப் பயிற்சி அவரை எங்கே கொண்டு சேர்த்திருக்கும் என்று யாருக்கும் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் சொன்னது வெளியாள் இல்லை, கூடவே இருந்த கோச். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பி.டி. டீச்சராக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதுதான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், பாரதியார் தினம், குடியரசு தினம், மாநிலம் என்று போட்டிக்கு மேல் போட்டி வரும். ஒரு பிள்ளை நன்றாக ஓடினால் 800, 1500, 3000 மூன்றிலும் பெயரைக் கொடுத்து, ரிலேயிலும் சேர்த்துவிடுவார்கள். அண்ணா ஸ்டேடியத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்தேன், வேறொரு ஸ்கூல். மத்தியானம் 3000 முடித்துவிட்டு ட்ராக்குக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு காலையும் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மைக்கில் ரிலேக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள். அப்படி ஒரு ஓட்டம் ஓடுகிற பிள்ளையை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. பிளஸ் டூ முடிக்கும்போது அவள் ஓடவே இல்லை. கால் வலி என்று விட்டுவிட்டாளாம். உன்னை நான் அந்த வயதில் ஒரு மீட்டில் ஒரு ஓட்டம்தான் என்று நிறுத்தியபோது நீ அழுதாய். இருபத்து மூன்று வயதிலும் நீ ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது அம்மா மட்டும் கேட்கக்கூடியது. மாதவிலக்கு எப்போது வந்தது? தீபாவளிக்கு வந்தபோது கேட்டதற்கு, ஆகஸ்டிலிருந்து வரவில்லை, கேம்ப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான், தொல்லை விட்டது என்று சிரித்தாய். பாதிப் பேருக்கு அப்படி என்றால் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அது நின்றால் எலும்புக்கு வேண்டிய ஹார்மோன் குறைகிறது. ஒலிம்பிக் கமிட்டி மருத்துவர்கள் 2014-இலேயே இதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்து எச்சரித்தார்கள். அமெரிக்காவில் மேரி கெய்ன் என்று ஒரு பெண், 2013-இல் பதினேழு வயதில் உலகப் போட்டியில் 1500 மீட்டர் ஃபைனல் ஓடியவள். எடையைக் குறை, குறை என்று நெருக்கியதில் மூன்று வருஷம் மாதவிலக்கு நின்று, ஐந்து எலும்பு உடைந்தது என்று 2019-இல் அவளே வெளியே சொன்னாள். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு உன் நினைப்புதான்.

உன் காலையும் இதையும் தனித்தனியாகப் பார்க்காதே. இரண்டும் ஒரே கதை.

அதனால் சாப்பாட்டில் கை வைக்காதே. சோறு குறைத்தால் லேசாக ஓடலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அவர்கள் சொல்லட்டும், நீ சாப்பிடு. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். ஆச்சி உளுந்தங்களி கிண்டித் தரும்போது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு, பெண்பிள்ளைக்கு இடுப்பு எலும்புக்கு பலம் என்று சொல்லியே ஊட்டுவாள். ஒரு வேளைக் களியால் எலும்பு கூடிவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் வளர்கிற, உழைக்கிற பெண்ணுக்கு நிறையச் சாப்பாடு வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்பு சரி. ரத்தத்தில் ஃபெரிட்டினும் பார்த்துவிடு, இரும்புச் சத்து இருப்பைக் காட்டுவது அதுதான். ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் ரத்தம் ஊற வேண்டும் என்றால் உடம்பில் இரும்புச் சத்து இருப்பு வேண்டும். இல்லாவிட்டால் மலையில் கிடந்து கஷ்டப்படுவதுதான் மிச்சம்.

காலையில் எழுந்ததும் நாடி எண்ணுவதை விட்டுவிட்டாயா? மறுபடி ஆரம்பி. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி நாலைந்து நாள் அப்படியே நின்று, தூக்கமும் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தால் அன்றைக்கு ஓடாதே. கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் சரி.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்கத்தா பணத்தில் மாடிக்குத் தளம் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். தளம் இல்லாமல் நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ ஓடிச் சம்பாதித்து இந்த வீட்டுக்கு ஆக வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை.

இன்டர் ரயில்வேயும் ஃபெடரேஷன் கப்பும் இன்டர் ஸ்டேட்டும் இருக்கட்டும். அதற்கு மேலே வருஷத்தில் ஒரு ரோடு ரேஸ் நீயே பார்த்து எடுத்துக்கொள். கொல்கத்தாவும் மும்பையும் இந்த வருஷம் வேண்டாம். கோச் சாரிடம் நீ சொல்லத் தயங்கினால் நான் பேசுகிறேன். அவர் நல்ல மனிதர். வலி ஒரே புள்ளியில் இருக்கிறது, ராத்திரியும் வலிக்கிறது என்று நீ அவரிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். முழுசாகச் சொல்.

அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில் ஏறி சனிக்கிழமை காலையில் கோயம்புத்தூரில் இருப்பார். நீ ஊட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கிவிடு. ஸ்கேனுக்கு விசாரித்து வைத்திருக்கிறார். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அந்த எக்ஸ்ரேயும் கையோடு எடுத்துக்கொள். சனிக்கிழமை காலையில் ஓடிவிட்டு வராதே.

அன்புடன்,
அம்மா