நையாண்டி மேளக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மதுரை, சிவகங்கை, விருதுநகர் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் கரகாட்டம் போன்ற ஆட்டங்களுக்கு இசைக்கப்படும் நையாண்டி மேளத்தை நெடுங்காலமாக வாசித்துவரும் மூத்த கலைஞர்களின் வாசிப்பைத் தொடக்கம் முதல் மங்களம் வரை முழுமையாகப் பதிவு செய்யும் பணியை எங்கள் குழு மேற்கொண்டுள்ளது. அதற்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

கரகாட்டக் காணொளிகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றில் ஆடுபவர் தெரிவாரே தவிர, விடிய விடிய அந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்கும் நாகசுரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. திருவிழா நோட்டீஸிலும் ஆட்டக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்க, மேளக்காரர்கள் ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். சாமி அழைப்புக்கு ஓர் அடி, காவடிக்கு வேறோர் அடி என நடை மாறும் நுட்பமும், ஆடுபவரின் காலைக் கவனித்தே தவில்காரர் அடியை நீட்டிக் குறுக்கும் பக்குவமும், மூத்தவர்களோடு கூடவே நின்று வாசித்துக் கைவரப்பெற்றவை. வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து, வாரைத் தோளில் போட்டுத் தவிலைச் சுமந்தபடி நின்றே வாசிக்கும் கலை இது. அறுபதைத் தாண்டியவருக்கு விரல் ஒத்துழைத்தாலும் தோள் ஒத்துழைப்பதில்லை.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா கட்டுப்பாடுகளால் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் தடைப்பட்டபோது இவர்களின் ஆண்டு வருமானமே அற்றுப்போனது. அதற்கு முன்பே செண்டை மேளமும் ஒலிபெருக்கிப் பாட்டும் பல ஊர்களில் இவர்களின் இடத்தைப் பிடித்திருந்தன. அரசு 2007இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உதவுகிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் பெருமைக்குரியதே. ஆனால் ஒருவர் கையில் உள்ள வாசிப்பை அடுத்த தலைமுறை கேட்டுப் பழகுவதற்குப் பதிவு வேண்டும்.

திரளும் தொகையில் முதற்செலவு கலைஞர்களின் சம்பளமாகவே இருக்கும். ‘பதிவுதானே, சும்மா வாசியுங்கள்’ என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடானதன்று. மீதித் தொகை, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யும் சாதனங்களின் வாடகைக்கும், பயணத்துக்கும், தவிலுக்கு மூட்டு (தோல் பகுதி) மாற்றுதல் போன்ற பழுதுபார்ப்புக்கும் செலவிடப்படும். பதிவின் ஒரு படி கலைஞரிடம் ஒப்படைக்கப்படும். அவரது ஒப்புதலின்றி எங்கும் வெளியிடப்படமாட்டாது.

பணம் தர இயலாதவர்கள், வீட்டில் கிடக்கும் பழைய திருவிழா ஒலிநாடாக்கள், நோட்டீஸ்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து உதவலாம். படியெடுத்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது வழங்கப்படும். வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பிவைப்போம்.

மாசி பிறந்துவிட்டால் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்றுவிடுவார்கள் என்பதால் மார்கழியில் பதிவைத் தொடங்கத் திட்டமிட்டுள்ளோம். ஆகவே கார்த்திகை முடிவதற்குள் தங்கள் நன்கொடையை வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பதிவுக் குழுவினர்