கன்று நடும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

வறண்ட நிலங்களில் மரத்தோட்டம் போடும் துறையினருக்கு,

வணக்கம். இந்த வருஷமும் இத்தனை லட்சம் கன்று என்று அறிவிப்பு வந்துவிட்டது. கன்றுக்குக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே கிடக்கும் தண்ணீருக்கு? கேட்டால் மரம் வளர்த்தால் மழை வரும் என்கிறீர்கள். வரட்டும். அதுவரை மரம் எதைக் குடிக்கும்?

கோடையில் புல் காய்ந்து ஓய்ந்துவிடும். தைல மரம் ஓயாது; ஆழத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பச்சையாகவே நிற்கும். எங்கள் கிணற்றுக்கு மேல்புறம் இருந்த மேய்ச்சல் நிலத்தில் அதைத்தான் நெருக்கி நட்டீர்கள். ஆறாம் வருஷம் வாளி தரையில் மோதியது. வசதியுள்ளவர்கள் ஆழ்துளை போட்டுக்கொண்டார்கள். என் தங்கை நடுராத்திரியில் படியிறங்கி, ஊறியதைச் செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். அடுத்த குடத்துக்கு மறுபடி ஊறவேண்டும்.

மழையும் பொய்த்தது, மறுக்கவில்லை. ஆனால் மழையால் எவ்வளவு, மரத்தால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் ஓர் அளவுகூட இல்லை. அதனால்தான் கேட்கிறோம்: நடும் முன் நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் மொகோபுலானில் அளந்தார்கள். 1969இல் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுக்கத் தைல மரம் நட்டார்கள். ஒன்பதாம் வருஷம் ஓடை வற்றியது. 16ஆம் வருஷம் மரத்தை வெட்டினார்கள். அதற்கப்புறமும் ஓடை பழையபடி ஓட ஐந்து வருஷம் ஆனது. இத்தனைக்கும் அங்கே ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த நாட்டின் 1998 தண்ணீர்ச் சட்டப்படி, வணிகத்துக்காக மரத்தோட்டம் போடுவது ஓடை நீரைக் குறைக்கும் வேலை. அனுமதி வாங்க வேண்டும். இங்கே ரிப்பனும் போட்டோவும் போதும். போட்டோ எடுத்தவர்களில் ஒருவராவது மறு வருஷம் வந்து பார்த்திருந்தால், சரி, அதை விடுங்கள்.

மரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் நடந்த ஆய்வில், மரங்கள் விட்டு விட்டு நின்ற இடத்தில்தான் மழைநீர் அதிகம் நிலத்துக்குள் இறங்கியது. இடைவெளி விட்டு நடுங்கள், கிணறுகளுக்கு மேல்புறத்தை விட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் முதலில் அளந்துவிட்டுச் செய்யுங்கள். வருஷாவருஷம் அளவை ஊருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.

தயவுசெய்து இந்த நடவுக்கு முன்னாலேயே ஒரு ஆளை அனுப்புங்கள். அளக்கக் கயிறு நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
கிணற்றடியில் காத்திருப்பவர்களில் ஒருவன்