கேரம் பவுடர் டப்பாவில் தமிழில் எச்சரிக்கை அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கினாலே வீட்டுக்கு வீடு கரப்பான்பூச்சித் தொல்லை, கூடவே வாட்ஸ்அப்பில் போரிக் பவுடர் யோசனையும் சுற்ற ஆரம்பித்துவிடும். கரப்பானுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், நான் பல வருடமாக வைக்கிறேன். கோதுமை மாவு, சர்க்கரையோடு பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, சிலிண்டருக்குப் பின்னாலும் பிரிட்ஜுக்கு அடியிலும் பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில் வைத்தால் போதும். ஸ்ப்ரே மாதிரி உடனே கொல்லாது, தின்றும் காலிலும் மீசையிலும் ஒட்டிய தூளை நக்கியும் மெதுவாகத்தான் சாகும். பொறுமை இல்லாதவர்கள் அள்ளிக் கொட்டுகிறார்கள், அது சுத்த வீண், குவியலைக் கண்டால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும், ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். எறும்புக்கோ சர்க்கரைத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு போதும், கூடிப்போனால் புற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே எறும்பு செத்து, ராணி தப்பித்துவிடும்.

என் கவலை பூச்சியைப் பற்றியது இல்லை. இதே போரிக் பவுடர், அதாவது போரிக் ஆசிட்தான் பெரும்பாலும் கேரம் பவுடராகவும் விற்கிறது. எங்கள் பக்கத்துக் கடையில் வாங்கிய டப்பாவில் முன்னால் கேரம் போர்டு படம், பின்னால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் அதன் பெயர், தமிழில் ஒரு எழுத்து இல்லை, கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தது மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து. லீவு நாளில் பிள்ளைகள் போர்டில் தூவி, வாயால் ஊதி, அந்தக் கையோடே முறுக்கு தின்கிறார்கள். விரல் நுனியில் ஒட்டிய தூளால் உயிருக்கு ஆபத்து வராது, சரி. ஆனால் தவழும் குழந்தை கையில் அந்த டப்பா கிடைத்தால்? கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று கிராமே உயிரைப் பறிக்கலாம் என்கின்றன மருத்துவ நூல்கள், அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழந்தைக்குத் தொடை இடுக்கில் புண் என்றால் போரிக் பவுடர் போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல தோல் வழியாக அது அவ்வளவாக உள்ளே போகாது, ஆனால் தோல் உரிந்து சிவந்த இடத்தில் ரத்தத்தில் கலந்துவிடும், அப்புறம் சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். இப்படிப் போட்டே போன நூற்றாண்டில் மேலை நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வெண்காரமும் இதே இனம்தான். வாய்ப்புண்ணுக்குப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கம் இல்லை, வெளிநாட்டிலும் தேனும் வெண்காரமும் கலந்து சூப்பானில் தடவிக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1980களில் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டி சொன்னார் என்று தயவுசெய்து கைக்குழந்தை வாயில் வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

காதில் பூஞ்சை வந்தால் சொட்டு மருந்தாகவும், பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றுக்கு 600 மில்லிகிராம் மாத்திரையாகப் பிறப்புறுப்புக்குள் வைக்கவும் டாக்டர்கள் இதைத் தருவது உண்மை. அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சொட்டும் கூடாது. இத்தனை நிபந்தனை உள்ள பொருளை யூடியூப் பார்த்து நாமே பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 'போரிக் ஆசிட், விழுங்கினால் விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று டப்பாவின் முன்பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் போட அரசு உத்தரவிட வேண்டும், தின்பண்டத்தோடு சேர்த்து வைத்து விற்கவும் விடக் கூடாது. அதுவரை வாசகர்கள் இதை மைதா டப்பா, ஆப்பசோடா டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள், வேறு டப்பாவில் மாற்றிக் கொட்டவும் வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி