நவம்பரில் போன தீவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்வீடன், நார்வே பக்கம் போவதானால் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போய்விட வேண்டும், மற்ற மாதங்களில் இருட்டும் குளிரும்தான் என்று உங்கள் பயணப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பதினோரு வருடமாக ஸ்டாக்ஹோமில் குடியிருக்கும் எனக்கு இதை மறுத்து எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

2024-இல் என் மாமியார் வந்திருந்தார். அக்டோபர் கடைசி வாரம் மகனுக்குப் பள்ளி விடுமுறை. மூன்று நாள் ஸ்வீடனின் காட்லாந்து தீவுக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்தோம். நீனஸ்ஹாம்ன் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்றேகால் மணி நேரம். நாலு நாள் முன்பு கேட்டும் காரோடு இடம் கிடைத்தது. ஜூலையில் இது நடக்கிற காரியம் இல்லை. பால்டிக் கடலில் அன்று காற்று கொஞ்சம் அதிகம். அத்தைக்கு வாந்தி மாத்திரை கொடுத்துத்தான் ஏற்றினோம்.

தீவின் பெரிய ஊரான விஸ்பி நகரத்தைச் சுற்றி இடைக்காலத்து மதில் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டருக்கு நிற்கிறது. 1995-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். கோடையில் இந்தச் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. நாங்கள் போனபோது எங்கள் காலடிச் சத்தம்தான் கேட்டது. முழங்கால் வலியோடு அத்தை தன் வேகத்தில் நடந்தார். பின்னால் அவசரப்படுத்த யாரும் இல்லை.

ஒரு காபிக்கடையில் குங்குமப்பூ அப்பம் கேட்டோம். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, பாதாமும் முட்டையும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுக்கும் தீவுப் பலகாரம். மேலே காட்டுப்பழ ஜாமும் கிரீமும். ஒரு வாய் வைத்துவிட்டு அத்தை சொன்னார்: "இது நம்ம பால்சோறுதான்மா. துண்டு போட்டுக் குடுத்திருக்காங்க."

மறுநாள் வடக்கே ஃபோரோ என்ற சின்னத் தீவு. அந்தப் படகுக்குக் கட்டணமே இல்லை. பத்து நிமிடம்கூட ஆகாது. லாங்ஹாமர்ஸ் கரையில் கடல் அரித்து விட்டுவைத்த சுண்ணாம்புக் கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நாற்பது கோடி வருடத்துக்கும் முன்னால், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்தபோது வளர்ந்த பவளப் பாறை அது. என் ஒன்பது வயது மகன் ஒரு கூழாங்கல்லைப் புரட்டினான். தேன்கூடு போல நுண்ணிய அறைகள். நகத்தால் தடவினால் வரம்பு தட்டுப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட இடம், பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடு என்றேன். மனசில்லாமல் வைத்தான். அந்தக் கரையில் அன்று நாங்கள் நாலு பேர்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபோரோவில் நாங்கள் போன உணவகங்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கட்டிக்கொண்டு போன புளிச்சோறுதான் கைகொடுத்தது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். உள்ளாடையிலேயே கம்பளி வேண்டும்.

ஆனால் அந்த இருட்டுக்காகவே போக வேண்டிய ஒரு நாள் உண்டு. அக்டோபர் 31-க்கும் நவம்பர் 6-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை ஸ்வீடனில் புனிதர் அனைவர் நாள். ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டு போகும். அந்த வருடம் அது நவம்பர் 2-இல் விழுந்தது, நம் கல்லறைத் திருநாள் அன்றே. மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் அவர் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுபவர் அத்தை. இந்த முறை முடியவில்லையே என்று காலையிலிருந்தே பேசாமல் இருந்தார்.

மாலையில் விஸ்பி கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். வேறெங்கோ அடக்கம் செய்யப்பட்டவர்களுக்காக விளக்கேற்றவும் அங்கே பொதுவான இடம் உண்டு, நினைவுத் தோப்பு என்பார்கள். ஈரப் புல்லில் நூற்றுக்கணக்கான சுடர்கள். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. பக்கத்தில் நின்ற ஸ்வீடிஷ் பாட்டி ஒருவர் தன் விளக்கைச் சாய்த்து அத்தையின் திரியில் பற்றவைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. அத்தை மாமாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பாட்டி தன்னவர் பெயரைச் சொன்னார்.

அடுத்த முறை எந்த மாதம் டிக்கெட் போடட்டும் என்று ஊருக்குக் கிளம்பும்போது அத்தையிடம் கேட்டேன். "அந்தச் சனிக்கிழமை எப்ப வருதுன்னு பாத்துப் போடும்மா" என்றார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்டாக்ஹோம்